மழை மூட்டத்தில் விரித்த பாவு

பிள்ளைங்களா, போன தேர்தல் சமயத்தில் டிவி முன்னாடி உட்கார்ந்து நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. தீண்டாமைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது எந்தக் கட்சி என்று பெரியவள் ஒன்று சொன்னாள், சின்னவன் வேறொன்று சொன்னான். கடைசியில் செல்போனை எடுத்து ஆளுக்கொரு ஆதாரம் காட்டினீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, எல்லாக் கட்சி மேடைக்கும் கீழே உட்கார்ந்தவர் நீங்க, நீங்களே சொல்லுங்கப்பா என்றீர்கள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்து வெளியே போய்விட்டேன். அது ஒரு வரியில் சொல்கிற பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் ஆரணியில் மைக் செட் வேலைக்குப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். நம்முடையது பட்டு நெசவுக் குடும்பம் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்த்தெரு வீட்டில் இருந்தது ஒரே தறி. அதில் உங்க தட்சிணா பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். ஒரு தறிக்கு ரெண்டு ஆண்பிள்ளை எதற்கு என்று உங்க தாத்தா என்னைக் கொண்டுபோய் காதர் பாயிடம் விட்டார். பாய் கடையில் ரெண்டு ஆம்ப்ளிஃபையர், நாலைந்து குழாய் ஸ்பீக்கர், லாரி பேட்டரி, மூட்டை மூட்டையாக ஒயர். முதல் வருஷம் பூராவும் நான் ஒயர்தான் சுற்றினேன். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் முறுக்கு விழாமல் சுற்ற வேண்டும். முறுக்கு விழுந்தால் உள்ளே செம்பு அறுந்துபோகும், வெளியே தெரியாது. பேச்சு பாதியில் நின்ற பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் மரம் ஏறிக் குழாய் கட்டப் பழகினேன். ஆம்ப்ளிஃபையரில் கை வைக்க பாய் விட்டது அதற்கும் பிறகு.

பாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் அலறுகிற சாமானை வைத்துத் தொழில் செய்த அந்த மனுஷன் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ரகசியம் சொல்கிற குரல்தான் எப்போதும். நாம் குனிந்து காது கொடுக்க வேண்டும். மைக்கைத் தட்டினாலோ ஊதினாலோ அவருக்குப் பிடிக்காது. "ஊதறதுக்கு அது இன்னா அடுப்பா?" என்பார். சோதனை பார்க்க நான் மைக் முன்னாடி நின்று என் பேரையும் எங்கப்பா பேரையும் சொல்ல வேண்டும். பாய் கூட்டத்தின் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டு, காதில் விழுந்தால் துண்டைத் தூக்கிக் காட்டுவார். எங்கப்பா பேரை ஆரணி வட்டாரத்தில் நான் சொல்லாத ஊர் இல்லை. களம்பூர், செய்யார், தெள்ளார் எல்லாம் கேட்டிருக்கிறது.

கடைக்கென்று சில சட்டம் வைத்திருந்தார். எந்தக் கட்சிக் கூட்டமாக இருந்தாலும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் கொடி கட்டக் கூடாது. நாம் கை தட்டக் கூடாது. பேச்சாளர் ஜோக் அடித்தால் சிரிக்கவும் கூடாது. ஒரு கூட்டத்தில் நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மறுநாள் என்னை மறுபடியும் ஒயர் சுற்ற உட்காரவைத்தார். "நாளிக்கி அடுத்த கட்சிக்காரன் கூப்புடுவான். அவன் ஜோக்குக்கும் இதே மாதிரி சிரிப்பியா?" என்று கேட்டார்.

அப்படி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் கேட்காத கட்சி இல்லை. சட்டத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம். ஐம்பத்தைந்தில் டெல்லி பார்லிமெண்டில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. எழுபத்தாறில் அதையே இன்னும் இறுக்கிக் கட்டி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாற்றினார்கள். ஊரில் அதற்கு பி.சி.ஆர். என்றுதான் பேர். கடை, ஓட்டல், கிணறு, கோயில், ரோடு, சுடுகாடு, இது எதிலும் தீண்டாமையை வைத்து ஒருத்தரைத் தடுத்தால் போலீஸ் நேராகப் பிடிக்கலாம். முன்னே மாதிரி நடுவில் ராஜி பேசிக் கேஸை முடித்துக்கொள்ளவும் முடியாது.

டெல்லியில் அப்போது ஆண்ட கட்சியின் மேடையில், சட்டம் போட்டது நாங்கள், ஓட்டுப் போட்டு நிறைவேற்றியது எங்கள் ஆட்கள் என்பார்கள். மாநிலக் கட்சி மேடையில், எழுதினது அவர்கள்தான், ஆனால் எழுத வைத்தது யார், வருஷக்கணக்காகத் தெருத் தெருவாகப் பேசினது யார் என்பார்கள். அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள், பேசினவர்கள் எல்லாரும்தான், ஆட்சிக்கு வந்து செய்து காட்டினது நாங்கள் என்பார்கள். தொழிலாளர் கட்சிக்காரர், கூலி ஜனம் அடிபட்டபோது கூட நின்ற கொடி எது என்று கேட்பார். காலனி மக்களே நடத்திய கட்சியின் கூட்டத்தில், அரசியல் சட்டத்திலேயே எங்கள் தலைவர் எழுதிவைத்த உரிமை, இதில் உங்க யார் புண்ணியமும் இல்லை என்று ஒரே போடாகப் போடுவார்கள்.

இதில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை, பிள்ளைங்களா. எல்லாருக்கும் பங்கு உண்டு. தன் பங்கைச் சொல்கிறவர் அடுத்தவர் பங்கைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். ஆனால் மேடைக்குக் கீழே உட்கார்ந்தவனுக்கு வேறொன்று தெரியும். குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள் என்பது. நெசவுத் தெருப் பக்கம் திருப்பினால் நூல் விலை, ஜரிகை விலை, சங்கத்துக் கூலி பேசுவார்கள். காலனிப் பக்கம் திருப்பினால் சட்டம் பேசுவார்கள். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி கட்டு என்று எந்தக் கட்சிக்காரரும் என்னிடம் சொன்னது கிடையாது. ஒரே ஒரு கூட்டத்தில்தான் அப்படிக் கட்டினோம். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கீழ்த்தெருவை நீங்கள் இப்போது பார்க்கிற மாதிரி நினைக்காதீர்கள். அப்போது ஒரு பக்கம் கடைசியில் காலனி, மறு பக்கம் கடைசியில் ஆற்றங்கரை, ஆற்றங்கரையில் சுடுகாடு. நடுவில் நம் தெரு. முனிசிபாலிட்டி போட்ட ரோடு, யாருக்கும் பட்டா கிடையாது. ஆனால் காலனியில் ஒரு சாவு விழுந்தால் பாடை நம் தெருவுக்குள் வராது. ஏரிக்கால்வாயில் இறங்கி, சேற்றுக் கழனி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

ஏன் என்று கேட்டால் சாதி என்று எங்கள் தெருவில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கத்தரி மாதிரி கட்டின மூங்கில் கால்கள் மேல் தாங்கவைத்து, கஞ்சி தெளித்துக் காயவைப்பதுதான் பாவு விரிப்பது. காலை வெயிலில் செய்கிற வேலை. ஒரு வீட்டு ஆளால் முடியாது. அக்கம் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து பிடித்தால்தான் ஆகும். தெரு குறுகல், விரித்தால் வழி அடைந்துவிடும், அதை யாரும் தாண்டக் கூடாது, இடிக்கக் கூடாது. ஒரு இழை அறுந்தால் புடவையில் தெரியும். அந்த வரைக்கும் நியாயம்தான். ஆனால் காலனிப் பாடை எந்த நேரத்துக்குப் புறப்பட்டாலும், காலையானாலும் சாயங்காலமானாலும், நம் தெருவில் ஒரு பாவு நின்றுகொண்டிருக்கும். அது எப்படி நின்றது என்று யாரும் கேட்டதில்லை. சட்டத்துக்கு பயந்து சாதி என்கிற வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பாவு என்ற வார்த்தையை வைத்துக்கொண்டார்கள்.

காலனியில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள். களம்பூர் அரிசி மில்லில் நெல் காயவைக்கிற வேலை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். அவள் அப்பா பெருமாளும் அதே மில்லில் மூட்டை தூக்கினவர். முந்தைய வருஷம் மழைக்காலத்தில் அவள் அம்மா செத்துப் போனாள். பாடையைக் கால்வாயில் இறக்கினபோது தூக்கினவன் ஒருத்தனுக்கு முழங்கால் வரை சேற்றில் புதைந்துவிட்டது. பாடை சாய்ந்து அந்த அம்மா தண்ணீரில் விழுந்துவிட்டாள். அஞ்சலை குதித்துத் தூக்கினாளாம். அம்மா முகத்தில் இருந்த சேற்றைத் தன் முந்தானையால் அவளே துடைத்தாளாம். இப்போது அப்பாவும் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார், தேறமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஒரே பிடிவாதம்தான். அப்பாவைத் தண்ணீரில் இறக்கமாட்டேன், ரோட்டில்தான் தூக்கிக்கொண்டு போவேன்.

அதை அவள் ரகசியமாக வைத்திருக்கவில்லை. மில்லில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், எந்தக் கட்சிக்காரர் எதிரே வந்தாலும் நிறுத்திச் சொன்னாள். ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னாள். அங்கே இருந்த அதிகாரி கீழ்த்தெரு நாட்டாண்மையைக் கூப்பிட்டு, பி.சி.ஆர். ஆனால் ராஜி கிடையாது தெரியுமா என்று கேட்டாராம். நாட்டாண்மை வரதப்பன் கை கட்டிக்கொண்டு, நாங்க சாதி பார்க்கறவங்க இல்லீங்க, எங்க தொழிலு ரோட்ல கீதுங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஓட்டு வருகிற நேரம். கீழ்த்தெரு ஓட்டும் வேண்டும், காலனி ஓட்டும் வேண்டும். அதனால் எல்லாக் கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு அமைதிக் கூட்டம் போடுவது என்று முடிவு செய்தார்கள். தெருவும் காலனியும் சேருகிற முனையில், மாரியம்மன் கோயில் எதிரில் மேடை. ஏற்பாட்டை எடுத்துச் செய்தவர் ஒரு டைலர், ஒரு கட்சியின் நகரச் செயலாளர். கொடி கட்டுவதிலேயே தகராறு வந்துவிட்டது. யார் கொடி நடுவில் என்று அரைநாள் பேசி, கடைசியில் நடுவில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினார்கள். அம்மனுக்கு எதிராக எந்தக் கட்சியும் வாய் திறக்க முடியாதே.

டைலர் என்னிடம் வந்து, ரெண்டு குழாயையும் கீழ்த்தெருப் பக்கமே கட்டிவிடு, அங்கேதான் அமைதி வேண்டும் என்றார். நான் பாயைப் பார்த்தேன். பாய் தன் ரகசியக் குரலில், "சண்ட ரெண்டு பக்கம் கீது. குழாவும் ரெண்டு பக்கம்" என்றார். ஒன்றைத் தெருவைப் பார்த்தும் ஒன்றைக் காலனியைப் பார்த்தும் கட்டினேன்.

அன்றைக்குப் பேச்சாளர்கள் பட்ட பாட்டை நான் கீழே இருந்து பார்த்தேன். சட்டத்தைப் புகழ்ந்து ஆரம்பிப்பார்கள், தங்கள் கட்சி செய்ததைச் சொல்வார்கள், ரெண்டாவது குழாய் ஞாபகம் வந்ததும் நெசவுத் தொழிலின் பெருமைக்குத் தாவுவார்கள். அரிசி மண்டிக்காரர் ஒருத்தர் ஒரே மூச்சில் சட்டத்தின் பிரிவையும் பட்டுப் புடவையின் பளபளப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். ரோடு எல்லாருக்கும் பொது. ஆனால் பாவு விரித்திருக்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது, பாவு இல்லாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். ரெண்டு பக்கமும் கை தட்டினார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. கீழ்த்தெருக்காரர்கள் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

அப்போது அஞ்சலை எழுந்து, தான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை பேர் எதிரில் வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவள் ஏறி வந்தாள். மைக் அவள் தலைக்கு மேலே இருந்தது. எந்தக் கூட்டத்திலும் மேடை ஏறாத பாய் அன்றைக்கு ஏறிப் போய், ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி அவள் வாய் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.

"எனக்கு பேச தெரியாது," என்றாள். "பாவு இருந்தா நாங்க நிக்கிறோம். தாண்ட மாட்டோம். பாவு இல்லன்னா ரோட்ல போவோம். இதத்தானே சொன்னீங்க? இத நான் போயி நாளிக்கி சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க ஒவ்வொருத்தரா வந்து, உங்க வாயால இந்த மைக்ல சொல்லிட்டு போங்க. எங்கப்பா ஊட்ல படுத்துகினு கேட்டுகினு கீறாரு."

டைலர் மேடை ஓரத்தில் குனிந்து என்னிடம், "டேய் தம்பி, சவுண்ட கொறடா" என்றார். என் கை திருகில் இருந்தது. பாய் இன்னும் மைக் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்கமான அதே குரலில்தான் சொன்னார். "பேட்டரி நல்லாத்தான் கீது. கொறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல." அது மைக்கில் ஏறி ரெண்டு குழாயிலும் போய் ஊர் முழுக்கக் கேட்டது. காதர் பாய் குரல் ஆரணிக்கு உரக்கக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கூட்டம் சிரித்தது. டைலரும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முதல் ஆளாக மைக்குக்கு வந்து சொன்னார். பின்னால் மண்டிக்காரர், அப்புறம் மற்றவர்கள், கடைசியில் நாட்டாண்மை. எல்லார் வாயிலிருந்தும் அதே வார்த்தை. பாவு இல்லாத நேரத்தில் போகலாம்.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை. தெருவில் யாரும் பாவு விரிக்கவே இல்லை. உங்க பெரியப்பா வீட்டில் ஒரு பாவு தயாராக இருந்தது. அரக்குச் சிவப்பு, கல்யாணப் புடவைக்கு. வெயில் வரட்டும் என்று சுருட்டி வைத்திருந்தார்கள். எனக்கும் கூட்டம் ஒன்றும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து குழாய்க்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

பெருமாள் செத்துப் போன அன்று மழை விட்டிருந்தது. ஆனால் வானம் இறங்கி வந்து ஓட்டு மேல் உட்கார்ந்த மாதிரி கருத்துக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் காலனியில் பறைச் சத்தம் கேட்டது. தெருவில் பாவு இல்லை. ரோடு காலியாகக் கிடந்தது. நாட்டாண்மை இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உங்க பெரியப்பாவிடம் பாவை எடு என்றார். பெரியப்பா வானத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வெயிலு இல்லீங்களே என்றார். நாட்டாண்மை குரலை உயர்த்தவில்லை. இன்றைக்கு நீ விரிக்கவில்லை என்றால் நாளைக்கு உன் பாவைப் பிடிக்க இந்தத் தெருவில் ஒரு ஆள் வரமாட்டான், அவ்வளவுதான் தட்சிணா என்றார்.

பிடிக்க ஆள் வரவில்லை என்றால் பாவு விரிக்க முடியாது. பாவு இல்லை என்றால் தறி நிற்கும். பெரியப்பா உள்ளே போய்ப் பாவை எடுத்துக்கொண்டு வந்தார். உங்க பெரியம்மா அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜல்தி ஜல்தி என்று ஆளாளுக்கு இழுத்துக் கட்டினார்கள். மூங்கில் கால்கள் நின்றன. கஞ்சிச் சட்டி எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காய்வதற்கு வெயிலே இல்லாத நேரத்தில், கஞ்சி இல்லாத பாவு, தெருவை அடைத்துக்கொண்டு சிவப்பாகக் கிடந்தது. பட்டு நெசவு தெரிந்த யாரும் செய்யாத காரியத்தைப் பட்டு நெசவு தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் செய்தார்கள்.

பாடை தெருமுனைக்கு வந்து நின்றது. முன்னால் அஞ்சலை, கையில் கொள்ளிச் சட்டி. மகன் இல்லாத வீடு. பங்காளிகள் வாங்க வந்தார்களாம், அவள் கொடுக்கவில்லை. பாவைப் பார்த்தாள். பறை அடிக்கிறவர்களைப் பார்த்துக் கை காட்டினாள், சத்தம் நின்றது. கூட்டத்தில் இளைஞர்கள் ரெண்டு மூன்று பேர் பாவைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று முன்னால் வந்தார்கள். அவர்களைப் பேர் சொல்லித் தடுத்தாள். "பாவு இருந்தா நிக்கிறோம்னு நான் மைக்ல சொல்லியிருக்கேன். நிக்கிறோம்" என்றாள். தூக்கின பாடையை நடுத்தெருவில் கீழே வைக்கக் கூடாது. தூக்கினவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றார்கள்.

டைலரும் மண்டிக்காரரும் குடையோடு டீக்கடை ஓரத்தில் வந்து சேர்ந்திருந்தார்கள். டைலர் நாட்டாண்மையிடம் வந்து, இன்னா இது, பேஜாரா போச்சே என்று மெதுவாகச் சொன்னார். பாவு இருந்தா போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டது நீங்கதானே என்று நாட்டாண்மை திருப்பிக் கேட்டார். டைலர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

அப்படியே எல்லாரும் நின்றோம். பிறகு தூறல் விழ ஆரம்பித்தது.

முதல் துளி பாவின் மேல் விழுந்த இடம் கறுத்தது. அப்புறம் இன்னொரு இடம். இழைக்கு அடியில் சிவப்பாக ஒரு சொட்டு தொங்கி ரோட்டில் விழுந்தது. சாயம் இறங்குகிறது. அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொருத்தர் கண்ணும் பாடையை விட்டுவிட்டு அந்தச் சொட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். அஞ்சலை முந்தானையை இழுத்துக் கொள்ளிச் சட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

உங்க பெரியம்மா வெளியே வந்தாள். நேராகப் பாவின் தலைமாட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். "மழ மூட்டத்துல எவனாவது பாவு விரிப்பானா? இந்தத் தெருவுல பொறந்த கைக்கொழந்தகூட விரிக்காது" என்றாள். பெரியப்பாவைப் பார்த்து, "இன்னா பாத்துகினு நிக்கிற, அந்தப் பக்கம் புடி" என்றாள்.

நாட்டாண்மை, "சரோஜா, உள்ள போ. நாளிக்கி உன் பாவுக்கு ஒரு ஆளு வராது" என்றார்.

"நாளிக்கி விரிக்கறதுக்கு பாவு வேணுமில்ல நாட்டாம. மொதல்ல அத காப்பாத்திக்கிறேன்" என்றாள் பெரியம்மா. கை நிற்கவில்லை.

அவ்வளவு நீளப் பாவை ரெண்டு பேர் சுருட்ட முடியாது. பெரியப்பா வந்தார், நான் ஓடினேன். போதவில்லை. எதிர்வீட்டு அம்மா வந்து ஒரு மூங்கில் காலை எடுத்தாள். அதற்கடுத்த வீட்டில் இருந்து ஒருத்தி, அப்புறம் ஒருத்தர். யாரும் காலனிக்காக வரவில்லை, அதை நான் மிகைப்படுத்திச் சொல்லமாட்டேன். பட்டு நனைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தத் தெருவில் யாராலும் முடியாது. நடுவில் பாவு தொய்ந்து தரையைத் தொடப் போனபோது, பக்கத்தில் நின்ற நாட்டாண்மையே சட்டென்று குனிந்து ரெண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. விட முடியவில்லை. விட்டால் சேற்றில் விழும்.

ரோடு காலியானது.

கடைசி மூங்கில் காலும் எடுபடும் வரை அஞ்சலை நின்றாள். பிறகு நடந்தாள். பாடை பின்னால் வந்தது. பறை அடிக்கச் சொல்லவில்லை. கால் சத்தம் மட்டும் கேட்டது. நாட்டாண்மை கை நிறையப் பட்டோடு, சுவர் ஓரமாகப் பின்னால் நகர்ந்து வழி விட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

நம் வீட்டு வாசல் வந்ததும் அஞ்சலை நின்றாள். எங்கள் தெருப் பெண்களைக் காலனிக்காரர்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

"யக்கா, பாவு ரொம்ப நனஞ்சிடுச்சா?"

பெரியம்மா சுருளைத் தடவிப் பார்த்தாள். "ஒரு மொழம் போயிருக்கும். மறுபடியும் சாயத்துல போட்டா சரியா பூடும். நீ போம்மா, மழ வலுக்கறதுக்குள்ள போயி சேரு."

பெருமாள் உடம்பு தண்ணீர் படாமல், அதாவது வானத்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் படாமல், சுடுகாடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த வெயில் அடித்த காலையில் பெரியப்பா பாவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். யார் வருவார்களோ என்று நானும் அவரும் மட்டும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பழையபடி எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. மழையில் எல்லார் வீட்டுப் பாவும் தேங்கிக் கிடந்தது. அவர்களுக்கும் எங்கள் வீட்டுக் கைகள் தேவை. நாட்டாண்மை மட்டும் அன்றைக்கு வரவில்லை. மறுவாரம் அவரும் வந்தார். அந்த விஷயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கேஸ் ஒன்றும் போடவில்லை. தை பிறந்து காலனியில் இன்னொரு கிழவி செத்தபோது தெருவில் பாவு இல்லை. பாடை போனது. அதற்கப்புறம் வந்தவையும் போயின.

தேர்தலும் வந்தது. அதே மாரியம்மன் கோயில் எதிரில் கட்சிகள் தனித்தனியாக மேடை போட்டன. டைலர் தன் மேடையில், காலம் காலமாக மூடிக் கிடந்த கீழ்த்தெருவைத் திறந்துவிட்டது எங்கள் கட்சி என்றார். மறுநாள் மண்டிக்காரர், சட்டத்தைப் போட்டதும் எங்கள் கட்சி, அந்தத் தெருவில் அதை நிறைவேற்றியதும் எங்கள் கட்சி என்றார். மற்றவர்களும் விடவில்லை. நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். பெரியம்மா பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. அஞ்சலை பேரையும் சொல்லவில்லை.

மண்டிக்காரர் கூட்டம் முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சலை அந்தப் பக்கம் வந்தாள். களம்பூர் பஸ்ஸை விட்டு இறங்கினவள், பேச்சின் கடைசிப் பகுதியை நின்று கேட்டிருக்கிறாள். எனக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை பேர் இப்படிச் சொல்லிக்கொள்கிறார்களே, உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

"சொல்லட்டுமே அண்ணா. நல்லா சத்தமாவே சொல்லட்டும். நாங்கதான் தொறந்தோம்னு ஊரு கேக்க சொன்னவன், நாளிக்கி வந்து மூட முடியாதில்ல."

சொல்லிவிட்டு, கீழ்த்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.